கொழுக்குமலைச் சாலை யாருக்காக?

தமிழ்நாட்டில் இருக்கும் ஓர் ஊருக்குத் தமிழ்நாடு வழியாக வண்டியில் போக முடியாது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. கொழுக்குமலை அப்படிப்பட்ட ஊர். தேனி மாவட்டம், போடிநாயக்கனூர் வட்டம். ஆனால் சக்கரம் உருளும் வழி ஒன்றே ஒன்றுதான். போடிமெட்டு ஏறி, கேரளத்துக்குள் நுழைந்து, பூப்பாறை வழியாகச் சூரியநெல்லி போய்ச் சேர வேண்டும். அங்கிருந்து ஜீப்பில் தேயிலைத் தோட்டங்களுக்குள் புகுந்து, ஏறி ஏறி, மறுபடி தமிழ்நாட்டு எல்லைக்குள் வர வேண்டும். போடிப் பக்கமிருந்து நேராகப் போகிறேன் என்றால் குரங்கணியிலிருந்து மலைச்சரிவில் நடைதான். அதற்கும் வனத்துறை அனுமதி வேண்டும்.

சூரியநெல்லியிலிருந்து மேலே சுமார் 12 கிலோமீட்டர். ஜீப்புக்கே ஒன்றரை மணி நேரம் ஆகிறது. இதை வைத்தே சாலையின் நிலைமையை நீங்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்தப் பதிவு அந்தச் சாலையைப் பற்றியது. மேலே தெரியும் சூரிய உதயத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், காணொளி போட்டுவிட்டார்கள். சாலையைப் பற்றிப் பேசும்போது மட்டும் 'திரில்லான ஆஃப் ரோடு' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். போய் வந்ததிலிருந்து எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை.

போடியிலிருந்து மேலே

மதுரையிலிருந்து போடிக்கு இப்போது ரயில் இருக்கிறது. 1928-இல் முதலில் போட்ட பாதை அது. அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010-இன் கடைசியில் நிறுத்தியதை, 2023-இல்தான் போடி வரை மறுபடி ஓட்டினார்கள். ஏலக்காய் ஏலம் நடக்கும் ஊர் என்பதால் சில தெருக்களில் நடந்தாலே வாசம் வந்துவிடும். அந்த ஏலக்காயில் பெரும்பகுதி விளைவது மேலே, கேரளத்தின் இடுக்கியில். பறித்துக் கொடுக்கிற கைகளில் பெரும்பகுதி கீழே, தேனி மாவட்டத்து ஊர்களில். விடிகாலையில் போடியிலிருந்து மலையேறும் ஜீப்புகளைப் பாருங்கள். தூக்குவாளியும் பழைய சட்டையுமாகப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். காலையில் மாநில எல்லை தாண்டிப் போய், சாயங்காலம் திரும்பி வருகிற பிழைப்பு.

போடிமெட்டு வரை சாலை நன்றாக இருக்கிறது. கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலை என்று சொல்லப்படும் தேசிய நெடுஞ்சாலை இது. கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏறக் கீழே போடியின் தென்னந்தோப்புகள் சிறுத்துக்கொண்டே போகும். மேலே போனதும் காற்று மாறிவிடும். பூப்பாறை தாண்டி ஆனையிறங்கல் நீர்த்தேக்கம் தெரியும். பெயரிலேயே யானை இருக்கிறது. அந்த வட்டாரத்தில் யானைகள் இன்றும் தண்ணீருக்கு இறங்குகின்றன. ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்றதால் அரிக்கொம்பன் என்று பெயர் வாங்கிய காட்டு யானையை 2023 ஏப்ரல் 29-ஆம் தேதி கேரள வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்தது சூரியநெல்லியை ஒட்டிய சின்னக்கானல் பக்கம்தான். பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். அது அங்கிருந்து தமிழ்நாட்டின் கம்பம் நகருக்குள்ளேயே வந்து நின்றது. ஜூன் மாதம் தமிழ்நாடு வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. செய்தியில் படித்தவர்களுக்கு அது ஒரு யானைக் கதை. சூரியநெல்லிக்காரர்களுக்கு, இருட்டில் வேலைக்கு நடக்கும்போது அடுத்த வளைவில் என்ன நிற்கிறது என்று தெரியாத பயம்.

கம்பியைப் பிடிச்சுக்கங்க

சொந்தக் காரில் மேலே போக விடமாட்டார்கள். விட்டாலும் போக முடியாது. சூரியநெல்லியில் பதிவு செய்த நான்கு சக்கர இயக்க ஜீப்புகள் மட்டும்தான். உதயத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நான்கு மணிக்கெல்லாம் கிளம்ப வேண்டும். நானும் நண்பர் குடும்பமும் போயிருந்தோம். ஓட்டுநர் அண்ணன் அந்த ஊரிலேயே பிறந்தவர். தாத்தா காலத்தில் கம்பம் பக்கமிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பம்.

முதல் கொஞ்ச தூரம் தோட்டத்துக்குள் ஓரளவு நல்ல பாதை. இரண்டு பக்கமும் இடுப்பளவு தேயிலை. முகப்பு விளக்கில் இலைகளின் ஈரம் மினுங்கும். அப்புறம் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கர இயக்கத்துக்கான கியரைத் தள்ளிப் போட்டார்.

"இனிமேதான் சார் ரோடு. எல்லாரும் கம்பியைப் பிடிச்சுக்கங்க. கையை வெளிய நீட்டாதீங்க."

அதற்கு மேல் சாலை என்று சொல்ல மண் கூட இல்லை. எப்போதோ பாவிய கற்களில் பாதி பெயர்ந்து கிடக்கிறது. மழைத் தண்ணீர் நடுவிலேயே வாய்க்கால் பறித்துக்கொண்டு ஓடிய தடம் முழங்கால் ஆழத்துக்கு இருக்கிறது. ஒரு சக்கரம் கல்லின் மேல், ஒரு சக்கரம் பள்ளத்தில் என்று வண்டி சாய்ந்தபடியே ஏறுகிறது. முறத்தில் போட்ட அரிசி மாதிரி நாங்கள் உள்ளே எகிறி எகிறி விழுந்தோம். வளைவுகளில் ஒரே வீச்சில் திரும்ப முடியாது. முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால். பின்னால் வரும்போது பின்சக்கரத்துக்கு அந்தப் பக்கம் எவ்வளவு தரை மிச்சம் இருக்கிறது என்பது ஓட்டுநருக்கு மட்டும்தான் தெரியும். நண்பரின் அம்மா கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

அந்த ஓட்டுநரின் கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எந்தக் கல்லில் ஏற்றினால் வண்டி நிற்கும், எந்தக் கல் உருளும் என்று அவருக்கு மனப்பாடம். முந்தின நாள் மழை ஒரு கல்லை நகர்த்தியிருந்தால் அதையும் விளக்கு வெளிச்சத்தில் கண்டுபிடித்துவிடுகிறார். வண்டி குலுங்கினாலும் அவர் பேச்சு குலுங்கவில்லை.

"அண்ணே, இந்த ரோடு இப்படியே இருக்கறதுதான் உங்களுக்கு நல்லதுன்னு சொல்றாங்களே? தார் போட்டா எல்லாரும் கார்லயே வந்துருவாங்க, ஜீப்புக்குப் பொழப்பு இருக்காதுன்னு" என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. ஒரு வளைவைத் தாண்டின பிறகு சொன்னார்:

"சவாரிக்கு நல்லதுதான் சார். ஆனா மழைக்காலத்துல ராத்திரி மேலேருந்து போன் வரும், பிரசவ வலின்னு. மெதுவா எறக்குனா நேரமாயிரும். வேகமா எறக்குனா அந்தப் பிள்ளை தாங்காது. அந்த நேரத்துல இந்த ரோட்டைப் பத்தி நான் என்ன நெனப்பேன்னு நெனைக்கிறீங்க?"

அதற்கு மேல் என்னிடம் கேள்வி இல்லை.

இருட்டு கொஞ்சம் கலையத் தொடங்கியபோது எதிரே பெண்கள் நடந்து வந்தார்கள். தலையில் துண்டு, இடுப்பில் தார்ப்பாய்த் துண்டு, தோளில் பை. எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் ஜீப்புகள். ஒவ்வொரு ஜீப்புக்கும் அவர்கள் ஒதுங்கி, தேயிலைச் செடியோடு செடியாக மேட்டில் ஏறி நின்றார்கள். வண்டி போனதும் இறங்கி நாலு எட்டு வைப்பார்கள். அதற்குள் அடுத்த வண்டி. அவர்கள் வேலைக்குப் போகும் வழி அது. வேடிக்கை பார்க்கப் போகிற நாங்கள் அவர்களைத் திரும்பத் திரும்ப மேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

மேலே

உச்சிக்குப் போனதும் அதுவரை பட்ட பாடெல்லாம் மறந்துபோனது உண்மை. அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. கடல் மட்டத்திலிருந்து 7,000 அடிக்கு மேல். மலை அங்கே சட்டென்று முடிந்துவிடுகிறது. கிழக்கே சரிவு செங்குத்தாக இறங்கித் தேனிச் சமவெளியில் போய் நிற்கிறது. அந்தச் சமவெளி முழுவதும் அன்று மேகத்துக்கு அடியில் இருந்தது. வெள்ளைப் பரப்பின் விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு வந்தது, கோடு தடித்தது, சூரியன் மேகத்தைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது. இன்னொரு பக்கம் மீசைப்புலிமலை. 2,640 மீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மிக உயர்ந்த சிகரங்களில் ஒன்று. முதல் வெளிச்சம் அதன் நெற்றியில்தான் பட்டது. கீழே இருக்கும் தேயிலைக்கு வெயில் வர அதற்கப்புறம் வெகுநேரம் ஆனது. சிங்கப்பாறை என்று ஒரு பாறை முனை உண்டு. பக்கவாட்டில் பார்த்தால் சிங்கம் வாய் திறந்த மாதிரி தெரியும். எல்லோரும் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

மேகம் விலகியபோது கீழே குரங்கணிப் பக்கத்துச் சரிவு தெரிந்தது. 2018 மார்ச் 11-ஆம் தேதி அந்தச் சரிவில்தான் காட்டுத் தீயில் மலையேற்றக் குழுக்கள் சிக்கின. கோடையில் காய்ந்த புல்லில் தீ ஏறும் வேகத்துக்கு எந்தக் காலும் ஓட முடியாது. 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், கொழுக்குமலையைப் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தவர்கள். காப்பாற்ற முதலில் ஓடிப்போனவர்களில் அடிவாரத்து ஊர்க்காரர்கள் உண்டு. அந்தச் சரிவைப் பார்க்கும்போது அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் அனுமதியில்லாமல் அந்தப் பாதையில் இறங்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

தேயிலைக்குக் கிடைத்த வழி

அங்கே 1930களில் தொடங்கிய ஒரு தேயிலைத் தொழிற்சாலை இன்னும் ஓடுகிறது. மரத்தளம் போட்ட பழைய கட்டடம். உள்ளே போனால் தேயிலை வாசம் உடம்பெல்லாம் ஏறும். நம் டீக்கடைகளில் பெரும்பாலும் சி.டி.சி. தூள்தான், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிக் குருணையாக்குவது. இங்கே ஆர்த்தடாக்ஸ் முறை. பறித்த கொழுந்தை மேல்தளத்தில் பரப்பி மணிக்கணக்கில் வாட விடுகிறார்கள். வாடிய இலையை உருட்டு இயந்திரத்தில் போட்டு முறுக்குகிறார்கள். முறுக்கிய இலை காற்றுப்பட்டுப் பச்சை போய்ச் செம்பு நிறமாகிறது. சரியான நேரத்தில் சூட்டில் உலர்த்தி அதை நிறுத்த வேண்டும். பிறகு சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். இந்த உயரத்துக் குளிரில் கொழுந்து மெதுவாகத்தான் வளரும். மணம் கூடுவதற்கு அதுதான் காரணம் என்கிறார்கள். பால் சேர்க்காமல் ஒரு கோப்பை குடித்தேன். தேன் நிறம், லேசான துவர்ப்பு, அடித்தொண்டையில் நிற்கும் வாசம். பால் இல்லாத தேநீரை நான் விரும்பிக் குடித்தது அங்கேதான்.

குடித்துக்கொண்டே யோசித்தேன். இந்த மலையிலிருந்து தேயிலை கீழே இறங்குவதற்கு எந்தக் காலத்திலும் வழி இருந்திருக்கிறது. பக்கத்து மலையான டாப் ஸ்டேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். 1902-இல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷனுக்கு மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி போட்டார்கள். 1908-இல் அதைச் சின்ன ரயிலாகவே மாற்றினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே கொட்டகுடிக்குக் கம்பிவடம் கட்டித் தேயிலைப் பெட்டிகளை இறக்கினார்கள். அங்கிருந்து போடி, போடியிலிருந்து துறைமுகம், துறைமுகத்திலிருந்து இங்கிலாந்து. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. மலையாள ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் இன்றும் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்றே சொல்கிறார்கள். ரயில் போனாலும் தேயிலைப் போக்குவரத்து நிற்கவில்லை; சாலைகள் வந்தன.

நூறு வருஷத்துக்கு முன்னால், இவ்வளவு இயந்திரம் இல்லாத காலத்தில், பெட்டிகளுக்காக மலையில் ரயிலும் கம்பிவடமும் போட முடிந்தது. அந்தப் பெட்டிகளை நிரப்பியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பெயர்ந்த கற்களில் நடந்து வேலைக்குப் போகிறார்கள். முடியாத காரியம் என்று இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. யாருக்கும் அவசரமாகப் படவில்லை, அவ்வளவுதான்.

தொழிற்சாலைக்கு வெளியே ஓர் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேட்டேன்.

"கீழதான் தம்பி. சொந்தக்காரங்க வீட்ல விட்டிருக்கோம். தினமும் எறங்கி ஏற முடியுமா? லீவுக்கு வருவாங்க."

பள்ளிக்கூடம் 12 கிலோமீட்டரில் இருந்தாலும் பிள்ளையைப் பிரிந்து இருக்க வேண்டியிருக்கிறது. சாலை மோசமாக இருக்கிறது என்பதற்கு மேலே வாழ்கிறவர்களின் அகராதியில் இதுதான் பொருள்.

சாலை உயிர் என்பதற்கு ஒரு சாட்சி

மலைத்தோட்டங்களில் பாதை துண்டிக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதை நாம் 2020-இல் பார்த்தோம். ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, மூணாறுக்கு அந்தப் பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து, லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகள் மூடிப்போயின. 70 உயிர்கள். கிட்டத்தட்ட எல்லோரும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். மின்சாரமும் தொலைபேசியும் இல்லாததால் மறுநாள் காலையில்தான் வெளியுலகத்துக்குச் செய்தியே தெரிந்தது. வழியில் பெரியவரையில் தற்காலிகப் பாலம் ஏற்கெனவே வெள்ளத்தில் போயிருந்ததால் மீட்பு வண்டிகள் போய்ச் சேரவும் தாமதமானது. மலை சரிவதைத் தடுக்க முடியாமல் போகலாம். உதவி போய்ச் சேரும் வழியைச் சரியாக வைத்திருப்பது நம் கையில் இருந்தது.

இந்த மக்கள் கேட்கத் தெரியாதவர்களும் இல்லை. 2015 செப்டம்பரில் மூணாறில் ஆயிரக்கணக்கான தேயிலைத் தோட்டப் பெண்கள், எந்தத் தொழிற்சங்கத் தலைவரையும் முன்னால் நிற்க விடாமல், தாங்களே சாலையில் உட்கார்ந்து 20 சதவீத போனஸ் கேட்டு வாங்கினார்கள். பெம்பிளை ஒருமை என்ற அவர்கள் அமைப்பின் பெயர் அப்போதுதான் வெளியே தெரிந்தது. கொழுக்குமலைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஊர் ஒரு மாநிலத்தில், வழி இன்னொரு மாநிலத்தில், அந்த வழியின் பெரும்பகுதி தோட்டங்களுக்குள். யாரிடம் போய்க் கேட்பது என்பதே குழப்பம்.

அப்படியென்றால் தார்ச்சாலை வேண்டுமா?

வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கேட்கிறவர்களுக்கு இது முன்னுக்குப் பின் முரணாகப் படலாம். காரணம் சொல்கிறேன்.

மூணாறுக்கும் பூப்பாறைக்கும் நடுவே கேப் ரோடு என்ற இடத்தில் நெடுஞ்சாலையை அகலப்படுத்தப் பாறையை வெட்டினார்கள். 2019-இலும் 2020-இலும் அங்கே பெரிய சரிவுகள் ஏற்பட்டன. பாறை விழுந்து உயிர் போனது. கீழே இருந்த விவசாய நிலங்கள் மண்ணுக்குள் போயின. மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்குத்துச் சரிவில் அகலச் சாலை வெட்டுவது மலையின் காலை வெட்டுவதுதான். போதாததற்கு, கார்கள் மேலே வரத் தொடங்கினால் அந்தச் சின்ன உச்சியில் நிற்க இடம் இருக்காது. விடுதி வரும், குப்பை வரும், யானை நடக்கும் வழியில் வேலி வரும்.

செய்யக்கூடியது அதைவிடச் சின்னது, செலவும் குறைவு. இருக்கிற அகலத்திலேயே கற்களை ஒழுங்காகப் பாவ வேண்டும். தண்ணீர் நடுவில் ஓடாமல் ஓரத்தில் ஓட வடிகால் வேண்டும். மோசமான ஏற்றங்களில் சக்கரம் போகும் இரண்டு தடத்துக்கு மட்டும் கான்கிரீட் போட்டால் போதும். வளைவுகளில் தடுப்புக் கல் வேண்டும். ஜீப்புகள் மட்டும் என்ற விதி அப்படியே இருக்கட்டும். ஓட்டுநர்களின் பிழைப்பும் போகாது. ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று கணக்கு வையுங்கள். சுற்றுலாச் சவாரியில் வரும் பணத்தில் ஒரு பங்கை இந்தச் சாலைக்கே ஒதுக்குங்கள். நோயாளியை இறக்குவதற்கென்று மேலேயே ஒரு வண்டி நிற்கட்டும். இரண்டு மாநில அதிகாரிகளும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் முடிகிற காரியம்தான் இது.

இதற்கு அவசரமும் இருக்கிறது. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. 2018-இல் குறிஞ்சி பார்க்கக் கொழுக்குமலைக்கும் கூட்டம் வந்தது. அந்தக் கணக்குப்படி அடுத்தது 2030. அன்று இந்த மலைக்கு வரப்போகும் கூட்டத்தை நினைத்துப் பார்த்தால், இப்போதே தயாராகாவிட்டால் சாலையும் தாங்காது, குறிஞ்சியும் தாங்காது.

போகிறவர்களுக்கு

கொழுக்குமலைக்குக் கட்டாயம் போங்கள். மழைக்காலத்தைத் தவிர்த்துப் போனால் நல்லது. உதயம் பார்க்க முந்தின நாளே சூரியநெல்லி அல்லது சின்னக்கானலில் தங்கிவிடுங்கள். கர்ப்பிணிகள், முதுகுத்தண்டுப் பிரச்சினை உள்ளவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் இந்த ஜீப் பயணத்தைத் தவிர்க்க வேண்டும். மேலே வாழ்கிறவர்களுக்கு இல்லாத அந்தத் தெரிவு உங்களுக்கு இருக்கிறது. குளிருக்குக் கம்பளி, குல்லாய் கட்டாயம். வெறும் வயிற்றோடு ஏறுங்கள், தின்பதை மேலே போய்த் தின்னுங்கள். பிளாஸ்டிக் உறைகளைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். தேயிலை வாங்குவதாக இருந்தால் அந்தத் தொழிற்சாலையிலேயே வாங்குங்கள். ஓட்டுநரை வேகமாகப் போகச் சொல்லி விரட்டாதீர்கள். படத்துக்காகப் பாறை விளிம்புக்குப் போகாதீர்கள்.

கடைசியாக ஒன்று. போகும் வழியில் வேலைக்கு நடந்து வருகிறவர்களைப் பார்த்தால், வண்டியை ஒரு நிமிடம் ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள். அவர்கள் முதலில் போகட்டும். சூரியன் எப்படியும் உதிக்கும். அவர்கள் தாமதமாகப் போனால் வேலைக்குப் பேர் பதியும் இடத்தில் பதில் சொல்ல வேண்டும்.